குதிரைப் பாடமும் குதிரைக்காரன் மகனும்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் குதிரையைப் பற்றிப் படிக்கிறார்கள். பாட்டிலும் கதையிலும் வரும் குதிரையை அல்ல. லாயத்தில் நிற்கும் குதிரையை. டெக்சாஸ் மாநில சர்க்காரின் பாடத்திட்டத்தில் "குதிரை விஞ்ஞானம்" என்று தனிப் பாடமே இருக்கிறது. வேறு பல மாநிலங்களிலும் விவசாயக் கல்வியின் ஒரு பகுதியாக அது நடக்கிறது. குதிரையின் எலும்பு, தசை, பல், குளம்பு, தீனி, தண்ணீர், நோய், மருந்து, சினைக் காலம், லாயம் கட்டும் முறை, வரவு செலவுக் கணக்கு எல்லாம் பாடம். பரீட்சை உண்டு, மார்க்கும் உண்டு.

இதைக் கேட்டதும் சிலர் சிரிக்கக்கூடும். "கொள்ளு வைக்கவும் லத்தி அள்ளவும் பள்ளிக்கூடம் போக வேண்டுமா?" என்று கேட்கக்கூடும். "குதிரை பணக்காரன் வீட்டுப் பிராணி, அதைப் பற்றி நமக்கு என்ன பேச்சு?" என்று வேறு சிலர் சொல்லக்கூடும்.

தோழர்களே, இது சிரித்து ஒதுக்குகிற விஷயமல்ல. கைவேலையைப் பள்ளிக்கூடத்தில் கற்பிக்கலாமா? கற்பித்தால் யாருடைய பிள்ளைக்குக் கற்பிப்பது? கற்ற பிறகு அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும்? இந்த மூன்று கேள்விகளும் குதிரைப் பாடத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. "தொழிற்கல்வி" என்ற பேச்சு நம் நாட்டில் எழும்போதெல்லாம் ஆலைத் தொழிலாளியின் பிள்ளையையும் விவசாயத் தொழிலாளியின் பிள்ளையையும்தான் அந்தப் பேச்சு முதலில் தொடுகிறது. ஆகவே நாம் இதை நிதானமாகப் பார்ப்போம்.

பாடத்தில் இருக்கும் விஞ்ஞானம்

முதலில் அந்தப் பாடத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். மாட்டை வைத்துப் பிழைப்பவர்களுக்குத் தெரியும்: மாட்டுக்கு வயிறு நான்கு அறை, தின்றதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசை போடும். குதிரை அப்படியல்ல. அதற்கு ஒற்றை வயிறு. பத்து ஆள் பலம் கொண்ட அவ்வளவு பெரிய பிராணிக்கு இரைப்பை கொள்ளுவது சுமார் 8 முதல் 15 லிட்டர்தான். புல்லும் வைக்கோலும் செரிப்பது பெரும்பாலும் பின்குடலில். அதோடு, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்னக் கூடாததைத் தின்றாலோ, பசியில் நிற்கும் குதிரைக்கு ஒரே வேளையில் தானியத்தைக் குவித்துவிட்டாலோ, வயிற்றுவலி கண்டு தரையில் புரண்டு உயிரையே விட்டுவிடும். "கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை, முதலில் புல், பிறகு தானியம்" என்று லாயத்து ஆள் சொல்லிவந்தது மூடப் பழக்கம் அல்ல. இந்த வயிற்றின் அமைப்பிலிருந்து வந்த விதி.

500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள் ஒன்றுக்கு 8 முதல் 10 கிலோ வரை உலர்ந்த புல் வேண்டும். 20 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். வேலையும் வெயிலும் கூடினால் தண்ணீரும் கூடும். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரையின் நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை அடிக்கும். உடம்புச் சூடு பாரன்ஹீட்டில் 99 முதல் 101½ வரை இருக்கும். குளம்பை 6 முதல் 8 வாரங்களுக்கு ஒரு தடவை செதுக்கிச் சீர் செய்ய வேண்டும். பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கலாம். சினை சுமார் 11 மாதம்.

இவற்றைப் பிள்ளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. தாடையின் கீழே விரலை வைத்து நாடியைத் தானே எண்ண வேண்டும். காலைத் தூக்கிக் குளம்பிலுள்ள கல்லையும் சேற்றையும் தானே எடுக்க வேண்டும். லாயம் உள்ள பள்ளிகளில் லத்தியையும் தானே அள்ள வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏடும் சுரைக்காயும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இதை நாம் வரவேற்கிறோம்.

இன்னொரு பழக்கமும் அங்கே உண்டு. 1928-ல் தொடங்கிய "வருங்கால விவசாயிகள்" என்ற மாணவர் அமைப்பு குதிரைகளைத் தரம் பார்க்கும் போட்டிகளை நடத்துகிறது. நான்கு குதிரைகளை நிறுத்துவார்கள். எது முதல், எது கடைசி என்று பிள்ளை வரிசைப்படுத்த வேண்டும். அதோடு விடமாட்டார்கள். "ஏன்?" என்று கேட்பார்கள். கால் அமைப்பு இப்படி, முதுகு இப்படி, நடை இப்படி என்று நடுவர் முன் நின்று வாய்விட்டுக் காரணம் சொல்ல வேண்டும். பண்ணையில் வேலை செய்யப் போகும் பிள்ளைக்கு "ஏன்" என்று காரணம் சொல்லும் பழக்கம் வருவது நல்லது. அந்தப் பழக்கம் குதிரையோடு நின்றுவிடாது.

குதிரை நலம் ஊர் நலம்

குதிரையைப் பராமரிப்பது குதிரைக்காரனின் சொந்தக் காரியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். 1901-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜிம் என்று ஒரு குதிரை இருந்தது. முன்பு பால்வண்டி இழுத்த குதிரை. தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து செய்ய அதன் ரத்தத்தை எடுத்துவந்தார்கள். ஜிம்முக்கு இசிவு நோய் கண்டது, அதைக் கொன்றார்கள். ஆனால் நோய் உடம்பில் இருந்தபோது எடுத்த ரத்தத்தின் மருந்து எப்படியோ புட்டியில் ஏறி வெளியே போய்விட்டது. அந்த ஊசியால் 13 குழந்தைகள் மாண்டார்கள். இந்தக் கொடுமைக்குப் பிறகுதான் 1902-ல் இத்தகைய மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. ஒரு குதிரையின் உடல்நிலையைச் சரியாகப் பார்த்து, சரியாக எழுதி வைக்காததன் விலை 13 பிள்ளைகளின் உயிர்.

நம் வயல்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. நாற்று நடும்போதும் கதிர் அறுக்கும்போதும் நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ கடித்தால் ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு ஊசி குதிரையிடமிருந்து வருகிறது. பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து ஊசி மருந்தாக்குகிறார்கள். அந்த விஷத்தைச் சேகரித்துக் கொடுக்கும் இடங்களில் ஒன்று செங்கல்பட்டுச் சீமையில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978-ல் ஏற்பட்டது. பாம்பைப் பிடிக்கும் இருளர் ஒருபுறம், குதிரையைக் காப்பாற்றி வளர்க்கும் ஆள் ஒருபுறம், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர் ஒருபுறம். இத்தனை பேர் உழைப்பு சேர்ந்துதான் ஒரு விவசாயத் தொழிலாளியின் உயிர் திரும்புகிறது. இதில் எந்த வேலை தாழ்ந்த வேலை?

இந்த ஞானம் யாருடையது?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். இன்று பள்ளிப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் குதிரை ஞானம் யாருடைய கையிலிருந்து வந்தது?

அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள்தான் எஜமானர்களின் குதிரைகளை வளர்த்தார்கள், பழக்கினார்கள், நோய் பார்த்தார்கள், ஓட்டினார்கள். கென்டக்கி மாநிலத்தின் பேர்பெற்ற குதிரைப் பந்தயம் முதன்முதலில் 1875-ல் நடந்தபோது ஓடியவை 15 குதிரைகள். சவாரி செய்த 15 பேரில் 13 பேர் கறுப்பினத்தார். ஜெயித்த குதிரையை ஓட்டிய ஆலிவர் லூயிஸ் கறுப்பினத்தவர். அதைப் பழக்கிய ஆன்சல் வில்லியம்சன் அடிமையாகப் பிறந்தவர். ஐசக் மர்பி என்ற சவாரிக்காரர் 1884, 1890, 1891 ஆகிய மூன்று வருஷங்களில் அதே பந்தயத்தில் ஜெயித்தார். ஜிம்மி விங்க்ஃபீல்ட் 1901-லும் 1902-லும் ஜெயித்தார்.

பணமும் புகழும் பெருகப் பெருக வெள்ளை நிறவெறி விழித்துக்கொண்டது. கறுப்பினச் சவாரிக்காரர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். 1921-க்குப் பிறகு 2000 வரை அந்தப் பந்தயத்தில் ஒரு கறுப்பினச் சவாரிக்காரர்கூட ஓடவில்லை. சேணத்திலிருந்து இறக்கினார்கள், லத்தி அள்ளும் கூடையை மட்டும் கையில் விட்டுவைத்தார்கள்.

பள்ளிக்கூடமும் இதே வழியில்தான் போயிற்று. தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, தனி விவசாய வகுப்பு. மேலே சொன்ன மாணவர் அமைப்பு அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் 1935-ல் "புதிய விவசாயிகள்" என்று தனி அமைப்பு நடத்த வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றானது 1965-ல். பெண் பிள்ளைகளைத் தேசிய அளவில் உறுப்பினராகச் சேர்த்தது 1969-ல். பாடம் ஒன்றுதான், வாசல் மட்டும் வேறு வேறு.

இரண்டு வாசல்கள்

பள்ளிகளில் விவசாயத் தொழிற்கல்விக்கு அமெரிக்க மத்திய சர்க்கார் பணம் கொடுக்கத் தொடங்கியது 1917-ஆம் வருஷத்துச் சட்டத்தால். அதற்கு முன்பே, 1915-ல், கல்வியாளர்களிடையே பலத்த வாதம் நடந்தது. மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி அதிகாரியான டேவிட் ஸ்னெடன் ஒரு கட்சி. தத்துவ ஆசிரியர் ஜான் டூயி மறு கட்சி. தொழிலுக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தொழிலுக்கு வேண்டியதைத் தனியாகக் கற்பித்தால் போதும் என்பது ஸ்னெடனின் பக்கம். டூயி ஒப்பவில்லை. இருக்கிற தொழில் ஏற்பாட்டுக்குத் தொழிலாளியை இசையச் செய்யும் படிப்பு தமக்கு வேண்டாம், அந்த ஏற்பாட்டையே மாற்றக்கூடிய அறிவைத் தரும் படிப்பு வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். டூயி கம்யூனிஸ்ட் அல்ல. ஆயினும் இந்த விஷயத்தில் அவர் தொட்டது சரியான நரம்பு.

பிறகு டிராக்டர் வந்தது. 1915-ஐ ஒட்டி அமெரிக்கப் பண்ணைகளில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேர்ந்து 2½ கோடிக்கு மேல் இருந்தன. 1960-ல் மிஞ்சியவை சுமார் 30 லட்சம். ஆலையில் மோட்டாரின் பலத்தை இன்றும் குதிரைச் சக்தி என்றுதான் அளக்கிறோம். நிமிஷத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் வேலையை ஒரு குதிரைச் சக்தி என்று கணக்கிட்டவர் ஜேம்ஸ் வாட். நீராவி இயந்திரத்தை விற்க அவருக்குக் குதிரைதான் அளவுகோல். அளவுகோலாக இருந்த பிராணி முதலில் ஆலையிலிருந்தும் பிறகு வயலிலிருந்தும் வெளியேறியது. குதிரைக்குச் சங்கம் கிடையாது, வோட்டு கிடையாது. ஆகையால் ஏன் என்று கேட்க அதற்கு வழியில்லை. மனிதனுக்கு வழி உண்டு. ஆலையில் புது இயந்திரம் இறங்கும்போதெல்லாம் நம் தொழிலாளர்கள் நினைவில் வைக்க வேண்டிய வித்தியாசம் இது.

ஏர் இழுத்த குதிரை போன பிறகு, சவாரிக் குதிரையும் பந்தயக் குதிரையும் காட்சிக் குதிரையும் பாடத்தின் நடுவில் வந்து நின்றன. இங்கேதான் வர்க்கம் தலைகாட்டுகிறது. விவசாய வகுப்பில் சேரும் பிள்ளை வகுப்புக்கு வெளியேயும் ஏதாவது ஒரு வேலையைச் சொந்தமாக நடத்திக் கணக்கு எழுத வேண்டும் என்பது அங்குள்ள முறை. நிலமும் பணமும் உள்ளவர் வீட்டுப் பிள்ளை சொந்தக் குதிரை வளர்த்துக் கணக்கு எழுதும். இல்லாதவர் வீட்டுப் பிள்ளை எவருடைய லாயத்திலோ வேலை பார்த்து அதைக் கணக்கெழுதும். இரண்டு பேருக்கும் அதே புத்தகம், அதே மார்க். படிப்பு முடிந்தால் ஒருவர் குதிரைக்குச் சொந்தக்காரர், மற்றவர் குதிரைக்காரர். புத்தகம் மட்டும் சமமாக இருந்தால் சமத்துவம் வந்துவிடாது.

புத்தகத்தில் எழுதாத அத்தியாயம்

குதிரை நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம், எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், எந்தச் சூட்டில் நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றெல்லாம் பாடம் சொல்கிறது. கடிவாளத்தைப் பிடித்து நிற்கும் மனிதருக்கு எத்தனை மணி நேரம்? அவருக்குக் கூலி என்ன? அவர் நிழலுக்குப் போவது எப்போது?

சட்டத்தைப் பாருங்கள். தொழிலாளர் சங்கம் அமைத்துக் கூட்டுப் பேரம் செய்யும் உரிமையை அமெரிக்க மத்தியச் சட்டம் 1935-ல் உறுதி செய்தது. பண்ணைத் தொழிலாளர்களை அதிலிருந்து விலக்கியது. குறைந்தபட்சக் கூலியும் வேலை நேர வரம்பும் வகுத்த 1938-ஆம் வருஷத்துச் சட்டமும் அவர்களை விலக்கியது. 1966-ல் செய்த திருத்தத்தால் பெரிய பண்ணைகளில் குறைந்தபட்சக் கூலி கிடைத்தது. அதிக நேர வேலைக்கு அதிகக் கூலி என்ற விதி அப்போதும் அவர்களுக்கு வரவில்லை. கலிபோர்னியாவைப் போலச் சில மாநிலங்கள்தான் தம் சொந்தச் சட்டங்களால் அதை ஓரளவு சரி செய்திருக்கின்றன. குதிரை வளர்க்கும் பண்ணையும் பண்ணைதான். அபாயமான வேலை என்று அறிவித்தவற்றைச் செய்ய மற்றத் தொழில்களில் 18 வயது ஆக வேண்டும்; பண்ணையில் 16 போதும் என்கிறது அதே மத்தியச் சட்டம். இந்த விதிகளை இறுக்க 2011-ல் சர்க்கார் ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தது. பண்ணை முதலாளிகளும் அவர்களைச் சார்ந்தவர்களும் போட்ட கூச்சலில் 2012-ல் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

பந்தய லாயங்களில் வேலை செய்பவர்களில் பெரும் பகுதியினர் மெக்சிக்கோ, குவாத்தமாலா போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பலர் லாயத்தை ஒட்டிய அறைகளிலேயே வசிக்கிறார்கள். விடியுமுன் எழுந்து குதிரையைக் குளிப்பாட்டி, நடத்தி, தீனி வைக்கிறார்கள். லட்சக்கணக்கான டாலர் விலை போகும் குதிரையின் உயிர் இவர்கள் கையில் இருக்கிறது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றி நம் ஊரில் சொல்வார்கள். குதிரையைவிட முதலாளிக்குத்தான் அது பொருந்துகிறது. பந்தய லாபம் என்றால் வாய் திறக்கும்; கூலி உயர்வு என்றால் மூடிக்கொள்ளும்.

நம் நாட்டில் கண்டது

தொழிலைப் பள்ளியோடு சேர்ப்பது என்ற பெயரில் நம் மாகாணத்தில் 1953-ல் என்ன நடந்தது என்பதைத் தமிழ் மக்கள் மறக்கவில்லை. ராஜாஜி மந்திரிசபை கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். வண்ணான் பிள்ளை வெளுக்கவும், குயவன் பிள்ளை மண் பிசையவும், பண்ணையாள் பிள்ளை மாடு மேய்க்கவும் போக வேண்டும். மக்கள் இதற்குக் "குலக்கல்வி" என்று சரியான பெயர் வைத்தார்கள். திராவிட இயக்கத்தாரும் கம்யூனிஸ்டுகளும் காங்கிரசுக்குள்ளேயே பலரும் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜ் முதலமைச்சரானார், அந்த வருஷமே திட்டம் கைவிடப்பட்டது.

அந்தத் திட்டத்தை எதிர்த்த நாம் இந்தக் குதிரைப் பாடத்தில் நல்லது இருக்கிறது என்று ஏன் சொல்கிறோம்? இரண்டும் கைவேலைதானே என்று கேட்கலாம்.

குதிரைக்காரன் மகனைப் பார்த்து "நீ லாயத்துக்கே போ, உன் அப்பன் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்பது குலக்கல்வி. அவனும் டாக்டர் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே குதிரையின் நாடியை எண்ணி, ஒரே லத்தியை அள்ளி, ஏன் குதிரைக்கு வயிற்றுவலி வருகிறது என்று விஞ்ஞானம் படித்தால் அது கல்வி. முன்னதில் பிறப்பு தீர்ப்புச் சொல்கிறது. பின்னதில் பிள்ளையின் விருப்பமும் அறிவும் தீர்மானிக்கின்றன. தொழிலைக் கற்பதால் யாரும் தாழ்வதில்லை. இன்னாருக்கு இன்ன தொழில் என்று எழுதி வைப்பதுதான் மனிதனைத் தாழ்த்துகிறது.

ஆகவே எந்தத் தொழிற்கல்வித் திட்டம் வந்தாலும், எந்தக் கட்சியின் சர்க்கார் கொண்டுவந்தாலும், நாம் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது: அது எல்லோர் பிள்ளைக்கும் உண்டா, ஏழைப் பிள்ளைக்கு மட்டுமா? நல்ல படிப்பு என்றால் மில் சொந்தக்காரரின் பிள்ளையும் படிக்கட்டும்.

இரண்டாவது: அதில் விஞ்ஞானமும் கணக்கும் இருக்கின்றனவா, வெறும் கைப்பழக்கம் மட்டுமா? மேல் படிப்புக்கு வழி திறந்திருக்கிறதா? சென்னையில் 1903-லேயே கால்நடை வைத்தியக் கல்லூரி ஏற்பட்டுவிட்டது. மாடு மேய்த்த பிள்ளை மாட்டு வைத்தியராக அந்தப் படியேற முடிந்தால்தான் அது தொழிற்கல்வி. படி பாதியில் நின்றுவிட்டால் அது பொறி.

மூன்றாவது: பயிற்சி என்ற பெயரில் பிள்ளையைச் சும்மா வேலை வாங்குகிறார்களா? லாயமானாலும் ஆலையானாலும், வேலை செய்தால் கூலி கொடுக்க வேண்டும். அபாயமான வேலைக்குப் பிள்ளைகளை விடக் கூடாது.

நான்காவது: பிராணியைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் சொல்லிக் கொடுக்கும் பாடத்தில் உழைப்பவரைப் பற்றி என்ன இருக்கிறது? கூலிச் சட்டம், வேலை நேரம், விபத்து நஷ்டஈடு, சங்கம் சேரும் உரிமை ஆகியவை தொழிலின் பகுதி. அவற்றை விட்டுவிட்டுக் கற்பித்தால் பாதித் தொழிலைத்தான் கற்பித்ததாகும்.

பள்ளிக்கூடம் இந்த நான்காவது பாடத்தைத் தானாகச் சொல்லித் தரும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் மாலை நேரப் படிப்பு வட்டங்களிலும் நம் சங்கங்கள் அதை நடத்தலாம், நடத்தவும் வேண்டும். பள்ளியில் கேட்கவும் வேண்டும். நான்கு குதிரைகளை நிறுத்தி எது நல்லது, ஏன் நல்லது என்று காரணம் சொல்லக் கற்ற பிள்ளை, நான்கு சட்டங்களைப் படித்து எது நமக்கு ஆகும், ஏன் ஆகும் என்றும் சொல்லிவிடும். குதிரையின் நாடியை எண்ணக் கற்ற கை தன் கூலிச் சீட்டையும் எண்ணிப் பார்க்கட்டும்.